மிச்சம் இருந்த மருந்து

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க தம்பி. உங்க வீட்டுல ஆமை இருக்குதுங்களா?

இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க வீட்டுல இல்லைன்னாலும் மாடி வீட்டுல, உங்க அக்கா வீட்டுல, எங்காச்சும் கண்ணாடித் தொட்டியில காசு அளவுக்குப் பச்சையா ஒண்ணு வெச்சிருப்பாங்க பாருங்க, அதாட்ட. அதுவும் இல்லையா. சரி, அப்ப ஒக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஆடும். இதுல ஒக்காருங்க. இருங்க, அதுக்கு முன்னால அந்தப் பைப்புல முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துருங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க. பாம்புக்குப் பேன் புடிச்ச வீட்டுல இருந்து வர்றீங்க. என்ற பாம்பு ராசு இந்தப் பொட்டிக்குள்ள இருக்கான். அவனுக்கு மறுபடியும் வந்துச்சுன்னா எனக்குத் தாங்காது.

காப்பிக்குக் கொஞ்சம் பொறுத்துக்கோணும். என்ற சம்சாரம் வடிவு, பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கா. சனிக்கிழமையானாப் போயிருவா. இன்னைக்குப் புரட்டாசி கடைசிச் சனி வேற, வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். ஒரு மணிக்கு முன்னால வர மாட்டா. எனக்குக் காப்பி போடத் தெரியாதுங்க, சுடுதண்ணி வெச்சாலே கருக்கிப் போடுவேன்.

வளப்பு மீன் கடைக்காரர்தான அனுப்புனாரு? தெரியும். பாம்புக்குப் பேனுன்னு எவன் போய் நின்னாலும் இங்க அனுப்பி உட்டுர்றாரு. இந்த ஏழு மாசத்துல நீங்க பன்னெண்டாவது ஆளு. எனக்குப் பேன் டாக்டர்னு பேரே வெச்சுட்டாங்களாம். நான் டாக்டரும் இல்லை ஒண்ணும் இல்லைங்க. ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தொரு வருசம் ஃபிட்டர். மில்லை மூடுனதுக்கு அப்புறம் சும்மா இருந்தேன். கூட வேலை செஞ்சவரோட பையன் கனடா போறேன்னு பாம்பை யார்கிட்ட உடறதுன்னு தவிச்சுட்டு இருந்தான். நான் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது. வடிவு ரெண்டு நாள் பேசலை. பாம்புத் தீனின்னு என்ற பிரிட்ஜ்ல எலி வெச்சா அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்னா. எலிக்குன்னு தனியா ஒரு சின்னப் பிரிட்ஜ் வாங்குனேன்.

ஆனா நல்ல பாம்புங்க. ஆப்பிரிக்காப் பாம்பு, பால் பைத்தான். வெஷம் கெடையாது. பயந்தா சுருண்டு பந்தாயிரும், அதான் பால்னு பேரு, அவ்வளவுதான். நம்மூரு பாம்பை வெச்சிருந்தா புடிச்சு உள்ள போட்டுருவாங்க, இது அரசாங்கத்துல பதிவு பண்ணுனது. பேப்பர் இருக்குது, லேமினேசன் பண்ணி வெச்சிருக்கேன். கேட்டா எடுத்துக் காட்டறேன். எதையும் ஒளிச்சு வெக்கற பழக்கம் எனக்குக் கெடையாதுங்க.

தண்ணிக் கிண்ணத்துல கருப்பா புள்ளி புள்ளியா மெதக்குதுன்னு போன்ல சொன்னீங்கல்ல? இங்கயும் அதேதான். நாள் பூரா ராசு தண்ணிக்குள்ளயே கெடந்தான். வெயிலுக்குக் கெடக்கறான்னு நெனச்சேன். பங்குனி மாசம், கோயமுத்தூரும் இப்பல்லாம் பழைய கோயமுத்தூரு இல்லீங்களே. வடிவுதான் கண்டுபுடிச்சா. கதவுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டு, "ஏனுங்க, உங்க பாம்பு குளிச்ச தண்ணில மொளகுப் பொடி தூவுனாப்பல இருக்குது"ன்னா. கண்ணாடியப் போட்டுட்டுப் போய்ப் பாத்தேன். மொளகுப் பொடி நடந்துச்சுங்க.

மிருக டாக்டரம்மா அதை மைட்டுன்னாங்க. நான் பேனுன்னுதான் சொல்றேன், ரத்தம் குடிக்கறது பேனுதான? எங்கிருந்து வந்துச்சுங்கறீங்க? எல்லாம் அந்தக் கடைக்காரராலதான். உங்களை அனுப்புனாரே, அவரேதான். ராசு ஏறிப் படுக்கறதுக்கு நல்ல வளைஞ்ச கட்டை ஒண்ணு வேணும்னு கேட்டேன். அவரு கடையில ஏற்கெனவே ஒரு பாம்பு படுத்திருந்த கட்டைய எடுத்துக் குடுத்துட்டாரு. அது இடுக்குல முட்டை இருந்திருக்குது. நான் துணியால தொடச்சுட்டு அன்னைக்கே உள்ள வெச்சேன். அழகா இருந்துச்சுங்க கட்டை. ராசு ஏறிப் படுத்ததைப் போட்டோ புடிச்சு எம் பொண்ணுக்கு அனுப்புனேன்.

இனி நீங்க எதை வாங்குனாலும் சரி, கட்டையோ கல்லோ புதுப் பாம்போ, நேரா உள்ள கொண்டு போகாதீங்க. புதுப் பாம்புன்னா வேற ரூம்புல, வெள்ளைக் காகிதம் விரிச்ச டப்பாவுல, ஒரு ஒண்ணரை மாசம் தனியா இருக்கோணும். வெள்ளைன்னு எதுக்குச் சொல்றேன்னா அதுலதான் கருப்பு தெரியும். பழைய பாம்புக்குத் தீனி வெச்சு முடிச்சுட்டு அப்புறம்தான் புதுசைத் தொடோணும். மாத்திச் செஞ்சா உங்க கையே பஸ்ஸு, பேன் ஏறி வந்துரும்.

வந்ததுக்கு அப்புறம் என்ன செய்யறதுன்னுதான கேக்க வந்தீங்க, சொல்றேன். மொதல்ல யாரு பேச்சையும் கேக்காதீங்க. என்ற மச்சினன் பாச்சை உருண்டை போடச் சொன்னான், பட்டுச்சேலைப் பொட்டியில போடற மாதிரி. பாம்பு மூச்சு முட்டிச் செத்துரும். எதிர் வீட்டுக்காரரு எறும்புப் பொடிங்கறாரு. இன்னொருத்தர் மண்ணெண்ணெய்ங்கறாரு. எல்லாரும் பேனைக் கொல்லறதுக்குத்தான் சொல்றாங்க, பாம்பு இருக்கோணும்னு யாருக்கும் இல்லை. நேரா டாக்டரம்மாகிட்ட போங்க. அட்ரஸ் எழுதித் தர்றேன். மருந்து பேரை நான் சொல்ல மாட்டேன். அவங்க எடை போட்டுப் பாத்து, கலக்கற அளவு சொல்லிக் குடுப்பாங்க. அதுல ஒரு சொட்டு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.

பாம்பு மேல அடிச்சா மட்டும் போகாதுங்க. பேனு பாதி நேரம் பாம்பு மேலயே இருக்காது, குடும்பம் நடத்தறது பூரா பொட்டி மூலையில. உள்ள இருக்கற தேங்காய் நாரைப் பூரா வாரி, சாக்குல கட்டி அன்னைக்கே வெளிய போட்டுருங்க. பொட்டிய சுடுதண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவோணும். மூலை மூலையா, கதவு ஓடற பள்ளம், ஸ்க்ரூ ஓட்டை, எல்லாம். பழைய பல்லு பிரஷ் நல்லா இருக்கும். காஞ்சதும் நியூஸ் பேப்பர் விரிச்சு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்தி ஒளிஞ்சுக்க வழி பண்ணிக் குடுங்க. மரம்னு ஒண்ணு உள்ள இருக்கக் கூடாது. அந்தக் கட்டைய நான் எரிச்சுட்டேனுங்க, பொறத்தால கொண்டு போய் நின்னு பாத்துட்டே எரிச்சேன். நாலு நாளைக்கு ஒருக்கா இதே வேலை, ஒரு மாசம். ஒரு தடவை நல்லாயிருச்சுன்னு உட்டீங்க, முட்டை பொரிச்சு மறுபடி மொதல்ல இருந்து.

பாம்பைத் தெனம் வெதுவெதுன்னு தண்ணியில உடோணும். கொழந்தைக்கு ஊத்தற சூடு, அதுக்கு மேல வேண்டாம். தலைய மட்டும் வெளிய வெச்சுக்கும், ஒடம்புல இருக்கற பேனு மூச்சு முட்டி உதுரும். கால் மணி நேரம் கூட இருக்கோணும், அந்தண்ட இந்தண்ட நகரக் கூடாது.

அதை எங்க வீட்டுல செஞ்சது யாருன்னு நெனைக்கறீங்க? வடிவுங்க.

ஆமாங்க. எனக்குக் குனிஞ்சு ஒக்காந்தா முதுகு புடிச்சுக்கும், மில்லு குடுத்த சீர். மொத நாள் நான் படற பாட்டைப் பாத்துட்டு எட்ட நின்னா. ரெண்டாம் நாள் சேலைய இழுத்துச் சொருகிட்டு வந்து, "நகருங்க"ன்னா. கண்ணை இறுக்க மூடிட்டுத்தான் கைய நீட்டுனா. ராசு அவ கையில சுத்துனான். "ஐயோ, குளுகுளுன்னு இருக்குதுங்க"ன்னா. அப்புறம் அவளாவே தெனம் ஒக்காந்தா. தாடைக்குக் கீழ ஒரு கோடு மாதிரிப் பள்ளம் இருக்குமுங்க, கண்ணைச் சுத்தியும் இருக்கும், பேனு அங்கதான் போய் அடையும். காது குடையற பஞ்சுக் குச்சியில ஒண்ணொண்ணா எடுத்தா. எம் பொண்ணு சுகந்திக்குப் பத்து வருசம் பேன் பாத்த கை. புகை பாம்புக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னதுக்கு, அந்த மாசம் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடறதைக்கூட நிறுத்திட்டா. கல்யாணம் ஆகி முப்பது வருசத்துல அவ சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமை அந்த மாசம்தான்.

உள்ள ஏதோ சத்தம் கேக்குதுங்களா? பக்கத்து வீட்டுப் பூனைங்க. பொறத்தாலக் கதவு தொறந்தே கெடக்கும், வந்து உருட்டும். உடுங்க.

ஆமை எதுக்குக் கேட்டேன்னுதான பாக்கறீங்க. சொல்றேன். பதினோரு பேருகிட்டயும் கேள்விய மட்டும் கேட்டுட்டு அனுப்பிச்சுட்டேன். உங்க மூஞ்சியப் பாத்தா சொல்லலாம்னு தோணுது. நீங்க சூலூர்காரரு, இனி இந்தப் பக்கம் வரப் போறதில்லை.

பவுனுன்னு ஒரு ஆமை இருந்துச்சுங்க. வடிவோடது. சுகந்தி ஆறாவது படிக்கறப்ப பொருட்காட்சியில வாங்குனது, அப்ப ஒரு ரூவாக் காசு அளவு. காதோரம் செவப்புக் கோடு இருக்கும். சுகந்தி ஒரு மாசம் வெளையாடுனா, அப்புறம் வடிவு தலையில உழுந்துச்சு. பதினேழு வருசம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துருச்சு. சுகந்தி கல்யாணம் ஆகி பெங்களூர் போனதுக்கு அப்புறம் வடிவுக்குப் பேச்சுத்துணை அதுதான். நான் மில்லுக்குப் போயிட்டா வீட்டுல வேற யாரு? சமையக்கட்டுல அரிவாமனையப் போட்டு ஒக்காந்து காய் நறுக்கறப்ப நாயம் பேசுவா. வெள்ளரிக்காய் ஒரு துண்டு உனக்கு, ஒரு துண்டு எனக்கு. அது கழுத்தை நீட்டி நீட்டிக் கேக்கும். வீட்டுக்குள்ள ஆமை ஆகாதுன்னு எங்க பக்கத்துச் சொந்தம் பூரா சொல்லிப் பாத்துச்சு. "பெருமாளே ஆமையா வந்தவருதான, எனக்கு ஆகும்"னுட்டா.

நான் டாக்டரம்மாகிட்ட ராசுவைக் கொண்டு போனனுங்களா, அங்க ஒரு ஃபாரம் வெச்சு எழுதுனாங்க. பாம்பு வயசு, எடை, எங்க வாங்குனது. அப்புறம் நிமுந்து பாத்து, "வீட்டுல வேற பிராணி ஏதாச்சும் இருக்கா? நாய், பூனை, கிளி, ஆமை?"ன்னாங்க. இல்லீங்கன்னேன். நாலுக்கும் சேத்து ஒரே இல்லீங்க.

ஏன்னு கேக்கறீங்களா. பவுனுக்குப் பேப்பர் இல்லீங்க. வெளிநாட்டுப் பிராணி எல்லாத்தையும் பதிவு பண்ணோணும்னு வந்தப்ப ராசுவுக்குப் பண்ணுனேன், பவுனுக்குப் பண்ணலை. பொருட்காட்சியில வாங்குனதுக்கு என்ன பில்லு இருக்குது? அவங்க எங்காச்சும் எழுதிப் போட்டு, ஆளு வந்து தூக்கிட்டுப் போயிட்டா வடிவு என்ன ஆவா? அவளுக்காகத்தான் சொன்னேன். அந்தம்மாவும் எதுக்குக் கேக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமுல்ல? சொல்லி இருந்தா நான் மறைச்சிருப்பேனா? ஆமை இருக்குதாங்கற கேள்விய நாய், பூனைகூடச் சேத்துக் கேட்டா மனுசன் என்னத்தைக் கண்டான்?

சரி, அவங்க மேல தப்பில்லை. தெரியுது.

மூணாவது தடவை மருந்து அடிச்சது ஒரு திங்கக்கிழமை பொழுதோட. வடிவு பூ வாங்கப் போயிருந்தா. ராசுக்கு அடிச்சு, பொட்டிக்கு அடிச்சு முடிச்சாச்சு. ஸ்பிரே பாட்டில்ல ஒரு கால் பங்கு மிச்சம் இருந்துச்சு. கலக்குன மருந்து நாளைக்கு ஆகாது, மிச்சத்தைக் கொட்டிருங்கன்னு சொல்லித்தான் அனுப்பிச்சிருந்தாங்க. எனக்குக் கொட்ட மனசு வரலை. மில்லுல ஆயில் ஒரு சொட்டு சிந்துனாலும் துணியில தொட்டு அடுத்த மெசினுக்குத் தடவறவன் நான். பவுனு தொட்டியில, அது வெயில் காயற கல்லு மேல ஒரு கருப்புப் புள்ளி தெரிஞ்சுது. பேனா கடுகான்னு இப்பவும் தெரியாது. தாளிக்கறப்ப தெறிச்ச கடுகாத்தான் இருக்கும். அப்ப எனக்குப் பேனாத்தான் தெரிஞ்சுது. பாம்புல இருந்து ஆமைக்குப் போயிட்டா அவ தாங்க மாட்டாளேன்னு, தொட்டியில இருந்து தூக்கி, கழுத்து மடிப்பு, கால் மடிப்பு எல்லாம் அடிச்சு, பஞ்சுல தேச்சு உட்டேன். நல்லாத் தேச்சேன். அது ஒண்ணுமே பண்ணலைங்க. கழுத்தை நீட்டிக் குடுத்துச்சு. வெள்ளரிக்காய் தரப் போறேன்னு நெனச்சிருக்கும்.

மிச்சம் இருந்ததைக் கல்லு மேல அடிச்சுட்டு, பாட்டிலைக் கழுவிக் கவுத்தி வெச்சேன். வடிவு வந்தா. அடிச்சாச்சான்னு கேட்டா. ஆச்சுன்னேன்.

செவ்வாக்கிழமை வெள்ளரிக்காயைத் திங்கலை. புதன்கிழமை காத்தால தொட்டா தலைய உள்ள இழுக்கலை. ஆமை தலைய இழுக்கலைன்னா அப்புறம் அது என்ன ஆமைங்க? காலு நாலும் தொளதொளன்னு தொங்குச்சு. வடிவு மடியில வெச்சுட்டு ஒக்காந்துட்டா. "ஏனுங்க, ராசுவைக் காட்டுன டாக்டரம்மாகிட்ட கொண்டு போலாம், வண்டிய எடுங்க"ன்னா. நான் போன் பண்ணிப் பாக்கறேன்னு மாடிக்குப் போனேன்.

போன் பண்ணுனனுங்க. அதுல பொய் இல்லை. ஆனா என் வீட்டு ஆமைன்னு சொல்லலை. சிநேகிதன் வீட்டுல ஒரு ஆமை, அதுக்கு இந்த மருந்து பட்டா என்ன ஆகும்னு கேட்டேன். அந்தம்மா பதறிட்டாங்க. "ஐயையோ, பாம்புக்குக் குடுக்கற அந்த மருந்து ஆமைக்கு வெஷமாச்சே. கைகால் இழுத்துக்காம தொங்குதா? உடனே கொண்டாரச் சொல்லுங்க, நான் இங்கயேதான் இருக்கேன், பாத்துப் பாக்கலாம்"னாங்க.

மாடிப்படியில நின்னேன். கொண்டு போனா அந்த ஃபாரத்தை எடுப்பாங்க. இல்லீங்கன்னு சொன்ன ஆளு நீங்கதானன்னு வடிவு முன்னால கேப்பாங்க. நீங்க அடிச்சீங்களான்னு கேப்பாங்க. அவ என்னைத் திரும்பிப் பாப்பா. அந்த ஒரு பார்வைக்குத்தானுங்க பயந்தேன், பேப்பருக்கும் இல்லை, ஆபீசருக்கும் இல்லை. கீழ எறங்கி வந்து, டாக்டரம்மா ஊர்ல இல்லை, வெள்ளிக்கிழமைதான் வருவாங்களாமான்னு சொன்னேன்.

வியாழக்கிழமை காத்தால செத்துப் போச்சு.

கொண்டு போயிருந்தாலும் பொழைச்சிருக்காதுங்க. அப்படித்தான் இருக்கோணும். பாத்துப் பாக்கலாம்னுதான சொன்னாங்க, காப்பாத்தறேன்னா சொன்னாங்க? நான் தெனமும் இதை நெனச்சுப் பாக்கறேன். சில நாள் பொழைச்சிருக்காதுன்னு தோணும், அன்னைக்குச் சோறு எறங்கும்.

பொறத்தால மாதுளைச் செடிக்குக் கீழ பொதைச்சோம். மஞ்சத் துணி சுத்தி வடிவுதான் வெச்சா. மண்ணைத் தள்ளி முடிச்சுட்டுக் கைய ஒதறிட்டு, என்னைப் பாத்து, "நான் போட்ட கூனிக் கருவாடுதானுங்க. சந்தையில புதுசா ஒரு ஆளுகிட்ட வாங்குனேன். அதுலதான் ஏதோ இருந்திருக்குது"ன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா.

நான் இருக்கும்னு சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன், இருக்கும்னு. நீதான்னு நான் சொல்லவே இல்லை. அப்புறம் எத்தனையோ தடவை, உம் மேல தப்பில்லை, உடுன்னும் சொல்லி இருக்கேன். அவ எந்திரிச்சு மாதுளைச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருவா. அந்த வாரத்துல இருந்து சனிக்கிழமை விரதம். பெருமாளோட ரூபத்தைக் கொன்ன பாவம், ஒரு வருசம் இருந்து கழிக்கோணும்னுட்டா. புரட்டாசிக்கு எல்லாரும் இருக்கறதுதான், இவ பங்குனியில இருந்து இருக்கா. பச்சைத் தண்ணி மட்டும்தான், பொழுது சாஞ்சுதான் சாப்பாடு. கருவாடு வீட்டுக்குள்ள வர்றதில்லை. இன்னைக்கோட முப்பது சனிக்கிழமை. நானும் சனிக்கிழமை சாப்பிட ஒக்காரறப்ப அவ எனக்குப் பரிமாறிட்டு எதுத்தாப்பல ஒக்காந்திருப்பா. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டான்னு கேப்பா. நான் ஊத்துன்னு சொல்லித் திம்பேன். போன வாரம் வரைக்கும் இருவத்தொம்போது தடவை தின்னிருக்கேன் தம்பி.

சொல்லீரலாம்னு நெனைக்காம இல்லைங்க. அவளுக்கு பிரசர் இருக்குது. திடீர்னு சொல்லி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அவ நல்லதுக்குத்தான் சொல்லலை. ஒரு வருசம் முடிஞ்சா விரதமும் முடிஞ்சுரும், அவ மனசும் ஆறிரும், அப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுது? ராசுவும் நல்லா இருக்கான். பாருங்க, எப்படி மினுமினுன்னு இருக்கான். ஆறு மாசமா ஒரு பேன் இல்லை. இப்பவும் வாரம் ஒரு நாள் அவளேதான் வெள்ளைத் துணியில அவனை உட்டு எடுத்துப் பாக்கறா, கருப்பு ஏதாச்சும் ஒட்டுதான்னு. என்னைப் பாக்க உட மாட்டா. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, கடுகைப் பாத்தாலும் பேனும்பீங்கங்கறா.

என்னங்க தம்பி, பின்னால பாக்கறீங்க? பூனைதான. தொரத்தி உடறேன் இருங்க.

வடிவு.

நீ எப்ப வந்த? கோயிலுக்குப் போகலையா? கூட்டம்னு பாதியில திரும்பிட்டயா. பொறத்தால வழியா வந்தயா. சரி. சரி. இந்தத் தம்பி சூலூர்ல இருந்து வந்திருக்குது. பாம்புக்குப் பேனாமா. இத்தனை நேரம் நின்னுட்டேவா இருந்த? வெறும் வயிறு, ஒக்காரு முதல்ல.

தம்பி, நீங்க ஒக்காருங்க. இல்லை, கெளம்புங்க. இல்லை, இருங்க, அட்ரஸ் எழுதித் தரோணும். பேனா எங்க வெச்சேன்?

என்ன சொல்ற வடிவு? தெரியுமா? மருந்து அடிச்சது உனக்குத் தெரியுமா? எப்ப இருந்து?

திங்கக்கிழமையே. பூ வாங்கிட்டு வந்தப்பவே. கல்லு ஈரமா இருந்துச்சா. ராசு பொட்டியில அடிக்கற வாசம் பவுனு மேல அடிச்சுதா.

அப்புறம் எதுக்குடி கருவாடுன்ன?

நானாச் சொல்லுவேன்னா? அதுக்கா? ஏழு மாசமும் அதுக்கா பாத்துட்டு இருந்த? விரதம்? அதுவும் எனக்காகவா? நாந் தெரியாம செஞ்சுட்டேன்னு, எம் பாவத்துக்கா நீ பட்டினி கெடந்த? வடிவு, நான் தெரியாமத்தான் செஞ்சேன். மிச்சத்தைக் கொட்டறதுக்கு மனசு வராம, பேனுன்னு நெனச்சு, நல்லதுன்னு நெனச்சு.

அது இல்லையா? வேற என்ன கேக்கோணும்? கேளு. இந்தத் தம்பி முன்னாலயே கேளு, பரவாயில்லை. எப்படியும் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான நிக்கற. கேட்டுட்டு எதுக்கு மறுபடி என் வாயால?

சரி. சொல்றேன். இப்படிப் பாக்காத, சொல்றேன்.

இருந்தாங்க வடிவு. புதன்கிழமை டாக்டரம்மா ஊர்லதான் இருந்தாங்க. உடனே கொண்டாரச் சொன்னாங்க.